தலைகீழாய்த் தொங்குபவன்: ஒரு டாரட் சீட்டின் கதை

டாரட் சீட்டுக்கட்டின் பன்னிரண்டாம் எண் படத்தில் ஒரு மனிதன் தலைகீழாகத் தொங்குகிறான். ஒரு கணுக்காலில் கயிறு. மற்றொரு கால் முழங்காலில் மடங்கி, கட்டப்பட்ட காலுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது. கைகள் இரண்டும் முதுகுப்புறம். ‘தொங்கும் மனிதன்’ என்னும் இந்தச் சீட்டு விழுந்தால், டாரட் பார்த்துப் பலன் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: பொறுத்திரு, ஒன்றை விட்டுக்கொடு, உலகத்தை வேறு கோணத்தில் பார். இதே உருவத்தை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வட இத்தாலியில் ஒருவரிடம் காட்டியிருந்தால், அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய சொல் ‘துரோகி’. வசைக்குரியவன் எப்படி ஞானியானான் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இத்தனை காலத்தில் அந்த உடல் கிட்டத்தட்ட மாறவே இல்லை. மாறியதெல்லாம் அதைச் சுற்றியிருந்தவை: அது தீட்டப்பட்ட சுவர், அது தொங்கிய மரம், அதற்குக் கிடைத்த எண்ணும் எழுத்தும், கடைசியில் அதன் தலையைச் சூழ்ந்த ஒரு வெளிச்ச வட்டம். குறியீட்டின் பொருள் உருவத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது என்று நம்பிப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கைக்கு எதிராக இந்தச் சீட்டு சாட்சி சொல்கிறது.

டாரட் பிறந்தது விளையாட்டுக்காக. அதைப் பற்றிய மிகப் பழைய ஆவணக் குறிப்பு 1440இல் ஃபிளாரன்ஸில் கிடைக்கிறது. 1442இல் ஃபெராரா அரண்மனைக் கணக்குகளில் மீண்டும் தென்படுகிறது. அன்று அதன் பெயர் டிரியோன்ஃபி, அதாவது வெற்றி ஊர்வலங்கள். சீட்டாட்டத்தில் நாம் துருப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிரம்ப்’ என்ற சொல்லும் இந்த மூலத்திலிருந்து வந்ததே. நான்கு இனங்களில் 56 சீட்டுகள், அவற்றை வெட்டுவதற்குத் தனியாக 22 படச் சீட்டுகள், ஆக 78. ஆட்டத்தில் பன்னிரண்டாம் படம் பதினொன்றை வெட்டும், பதின்மூன்றிடம் தோற்கும். அதன் ‘பலன்’ அவ்வளவுதான். சூதாட்டத்தைக் கண்டித்து எழுதப்பட்ட, 15ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு லத்தீன் பிரசங்கக் கையெழுத்துப்படி இந்த 22 படங்களையும் வரிசையாகப் பட்டியலிடுகிறது. அதில் பன்னிரண்டாவது தூக்கிலிடப்பட்டவன், அடுத்தது மரணம். ஆக்ஸ்ஃபோர்டின் தருக்கவியல் தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட டாரட் வரலாறு இந்தச் சித்திரத்தை உறுதிப்படுத்தியது. பலன் சொல்லும் கருவியாக டாரட் ஐரோப்பாவில் பரவியது 18ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் அது மக்கள் பணம் வைத்தும் வைக்காமலும் ஆடிய ஆட்டம்.

ஆட்டக்காரர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வட, நடு இத்தாலிய நகராட்சிகளில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு விசித்திரமான தண்டனை இருந்தது. அரசுக்குத் துரோகம் செய்தவனும், கடனை ஏமாற்றியவனும், மோசடிக்காரனும் கைக்கு எட்டாமல் தப்பிவிட்டால், அவனுடைய உருவத்தைப் பொதுக் கட்டடத்தின் சுவரில் தீட்டி மானத்தை வாங்கினார்கள். அவமான ஓவியம் என்று அதற்குப் பெயர். தலைகீழாக, காலில் கட்டித் தொங்கவிட்டு வரைவது அதில் மிகக் கடுமையான இழிவு. 1440இல் ஆங்கியாரிப் போருக்குப் பின், ஃபிளாரன்ஸின் எதிரிகளான அல்பிட்சிக் குடும்பத்தாரையும் அவர்களுடைய கூட்டாளிகளையும் பார்ஜெல்லோ கட்டடத்தின் முகப்பில் ஆந்திரேயா டெல் கஸ்தாஞ்ஞோ இப்படித் தீட்டினார். அதனால் ‘தூக்குக்காரர்களின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1478இல் ஃபிளாரன்ஸை ஆட்டிவைத்த மெடிச்சிக் குடும்பத்தாரைக் கொல்லச் சதி செய்த பாட்சிக் கூட்டத்தாரைச் சுவரில் வரைந்தவர் போத்திச்செல்லி. 1494இல் மெடிச்சிகள் துரத்தப்பட்டதும் அந்த ஓவியங்கள் அழிக்கப்பட்டன. சுவரில் இருந்தவை எல்லாம் போய்விட்டாலும், இத்தகைய ஓவியத்துக்காக 1530ஐ ஒட்டி ஆந்திரேயா டெல் சார்த்தோ வரைந்த மாதிரிப் படங்கள் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு காலில் தொங்கும் ஆண்கள். கட்டப்படாத கால் தன் எடையில் மடங்கிச் சாய்கிறது. சீட்டில் மடங்கிக் கிடக்கும் காலுக்குப் பின்னாளில் ஏராளமான தத்துவம் சொன்னார்கள். அதன் முதல் விளக்கம் உடற்கூறுதான்: ஒற்றைக் காலில் தொங்குபவனின் மறுகால் வேறெங்கும் போக முடியாது.

அவமான ஓவியத்துக்கும் சீட்டுக்கும் உள்ள உறவை இன்னும் நெருக்கமாகக் காட்டும் ஒரு சான்றை 1966இல் டாரட் ஆய்வாளர் கெர்ட்ரூட் மோக்லி கவனப்படுத்தினார். கூலிப்படைத் தலைவன் முட்சியோ அட்டெண்டோலோ ஸ்ஃபோர்ட்சா 1412இல் அணி மாறினான். அப்போது போப்பாண்டவர் பதவிக்கு உரிமை கோரிய மூவரில் ஒருவரான இருபத்துமூன்றாம் ஜான், அவனை ஒரு காலில் தொங்கும் துரோகியாக ரோமாபுரியில் ஊரறியத் தீட்டிவைத்தார். அந்த முட்சியோவின் மகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா 1450இல் மிலானின் பிரபு ஆனான். அவனுடைய குடும்பத்துக்காக ஏறத்தாழ அக்காலத்தில் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ட்சாக் கட்டில், பொன் தகட்டுப் பின்னணியில் ஓர் இளைஞன் இடது காலில் தொங்குகிறான். கட்டில் எஞ்சியிருப்பவை 74 சீட்டுகள். இந்தச் சீட்டு இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள, ஆறாம் சார்லஸ் பெயரால் தவறாக வழங்கிவரும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டிலோ, தொங்குபவன் இரண்டு கைகளிலும் பணப்பையைப் பற்றியிருக்கிறான். கிறிஸ்தவ உலகில் பணப்பையோடு தொங்குபவன் யாரென்று கேட்கத் தேவையில்லை: முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாஸ். மிலான் சீட்டில் முகம் அமைதியாக இருக்கிறதே, அது அப்போதே ஞானத்தின் சாயல் இல்லையா என்று கேட்கலாம். கட்டின் மற்றச் சீட்டுகளையும் பரப்பி வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அரசனும் அரசியும் காதலர்களும் அதே நிதானத்தோடுதான் இருக்கிறார்கள். அது அரண்மனைப் பட்டறையின் கைப்பழக்கம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தலைகீழாய்த் தொங்கிய தியாகிகள் உலகெங்கும் உண்டு, இந்தச் சீட்டு அந்தப் பழைய ஞானத்தின் எச்சம் என்பார்கள். ஞானம் வேண்டி மரத்தில் ஒன்பது இரவு தொங்கிய ஸ்காண்டிநேவியக் கடவுள் ஓடினையும், தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட புனித பேதுருவையும் சுட்டுவார்கள். ஓடினின் கதை வரும் பாடலைக் காத்துத் தந்தது ஐஸ்லாந்தின் 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று. அது 1643இல்தான் ஓர் ஆயரின் கைக்கு வந்து அறிஞர் உலகத்துக்குத் தெரியவந்தது. சீட்டோ அந்த ஆண்டுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது. மேலும் அந்தப் பாடல் அவர் தொங்கியதைச் சொல்கிறதே தவிர, தலைகீழாக என்று சொல்லவில்லை. பேதுருவின் படிமம் இத்தாலியருக்கு நன்றாகவே தெரியும். மசாச்சோ அதை 1426இல் பீசா நகரத் திருப்பீடத்துக்கு வரைந்தார். ஆனால் பேதுருவின் கைகள் சிலுவையில் விரிந்திருக்கும், இரண்டு கால்களும் அறையப்பட்டிருக்கும். ஒற்றைக் கால், கயிறு, முதுகுக்குப் பின்னால் கை என்ற மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட அங்கில்லை. ஒப்புமை வேண்டுமானால் நம்மிடமும் இருக்கிறது. மகாபாரதத்தில் ஜரத்காருவின் முன்னோர், சந்ததி அற்றுப்போகும் அச்சத்தில், ஒரு புல்லைப் பற்றிக்கொண்டு குழிக்குள் தலைகீழாகத் தொங்குகிறார்கள். அதனால் மிலான் சீட்டு பாரதத்திலிருந்து போனது என்று யாரும் சொல்வதில்லை. சாயல் ஒன்றாக இருப்பது வம்சம் ஒன்று என்பதற்கு ஆதாரமாகாது. பக்கத்துத் தெருச் சுவரிலேயே மூலம் இருக்கும்போது அதைத் தேடிப் பனிக்கடல் வரை போக வேண்டியதில்லை.

சுவர் அழிந்ததும் உருவம் அநாதையானது. ஆட்டம் பிரான்சுக்குப் போய், மர அச்சில் வெட்டி, துளைத்தகடு வைத்து வண்ணம் தீற்றிய மலிவுச் சீட்டாகப் பெருகியது. பாரிஸில் ஜான் நோப்லே ஏறத்தாழ 1650இல், மார்சேயில் நிக்கோலா கோன்வேர் 1760இல் என்று அச்சிட்டவர்களின் வரிசை நீள்கிறது. மார்சே டாரட் என்று இன்று பொதுவாக வழங்கும் இந்த வகையில் பணப்பை இல்லை, துரோகி என்ற பெயரும் இல்லை. ‘தொங்குபவன்’ என்ற தலைப்பு மட்டும் உண்டு. சதுரமாய்ச் செதுக்கிய தூக்குமரம் இரண்டு மரங்களாகிவிட்டது. கிளைகளையெல்லாம் தறித்து, முண்டு முண்டாக விட்ட அடிமரங்கள். குற்றம் எது, தீர்ப்பு யாருடையது என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. எழுத்தறிவு குறைந்த அச்சுப் பட்டறையில் படியெடுப்பவன் முந்தைய கட்டையைப் பார்த்து அடுத்ததை வெட்டினான். தனக்குப் புரியாத கோட்டையும் விடாமல் வெட்டினான். பொருள் தொலைந்து உருவம் மட்டும் தப்பிய இந்த இடைவெளியே பிற்காலக் கற்பனை அனைத்துக்கும் வாசல் திறந்தது.

அந்த வாசலில் முதலில் நுழைந்தவர் பாரிஸின் அறிஞர் கூர் த ஜெபலான். 1781இல் வெளிவந்த தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், டாரட் என்பது எகிப்திய ஞானிகள் சீட்டு வடிவில் ஒளித்துவைத்த நூல் என்று அறிவித்தார். தொங்குபவனைப் பற்றிய அவருடைய வாதம் சுவாரசியமானது. நான்கு முதன்மை அறங்களில் நீதி, துணிவு, தன்னடக்கம் மூன்றும் கட்டில் இருக்கின்றன, விவேகத்தைக் காணோம். ஆக விவேகம் இந்தச் சீட்டாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசித்து ஒரு காலைத் தூக்கி நிற்கும் மனிதனை, அறியாத அச்சுக்காரன் தலைகீழாக்கிவிட்டான்! கட்டில் ஓர் அறம் விடுபட்டிருப்பதைக் கவனித்தது கூர்மையான பார்வை. ஆனால் 15ஆம் நூற்றாண்டிலேயே உருவம் தலைகீழாகத்தான் இருந்தது என்ற ஒரு செய்தி போதும், வாதம் சரிந்துவிடும். எகிப்தைப் பற்றிய கூற்றும் அப்படியே: எகிப்திய எழுத்துக்குத் திறவுகோலான ரோசெட்டாக் கல் கிடைத்தது 1799இல், ஷம்பொலியோன் அந்த எழுத்தைப் படித்தது 1822இல். 1781இல் எகிப்திய எழுத்தில் ஒரு வரியையாவது படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் யாரும் இல்லை. இருந்தும் தவறான இந்த வாசிப்பு ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. துரோகியை அறத்தின் வரிசையில் முதன்முதலாக உட்காரவைத்தது அதுதான். சில ஆண்டுகளில் பலன் சொல்வதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்ட எத்தெய்யா, பன்னிரண்டாம் இடத்தில் தொங்குபவனை எடுத்துவிட்டு விவேகத்தையே வைத்தார்.

19ஆம் நூற்றாண்டின் மறைஞானிகள் அடுத்த அடுக்கை ஏற்றினார்கள். எபிரேய நெடுங்கணக்கிலும் 22 எழுத்துகள், கட்டிலும் 22 படங்கள். இந்தத் தற்செயலை எலிஃபஸ் லெவி 1850களில் ஒரு முறைமையாகவே ஆக்கினார். அவருடைய வரிசையில் தொங்குபவனுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் எழுத்தான லாமெத். 1888இல் லண்டனில் தோன்றிய ‘பொன் விடியல்’ என்ற மறைஞானச் சங்கம், எண் இல்லாத சீட்டான பேதையை வரிசையின் தலைக்குக் கொண்டுபோனது. உடனே மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்து நகர்ந்தார்கள். தொங்குபவனுக்கு மேம் என்ற எழுத்தும், அதற்குரிய நீர் என்ற பூதமும் வந்து சேர்ந்தன. இன்று இந்தச் சீட்டை விளக்குபவர்கள் நீர், ஆழம், கரைதல் என்று பேசுவதன் மூலம் இதுதான். படத்தில் ஒரு சொட்டு நீர் இல்லை. வரிசையில் ஒரு சீட்டு இடம் மாறியதால் பிறந்த பொருள் அது. 1889இல் ஒஸ்வால்ட் வீர்த் வரைந்த கட்டிலோ பழைய காசுகள் திரும்பி வந்தன, தொங்குபவனிடமிருந்து கீழே சிதறுவதாக. யூதாஸின் கூலி, பற்றறுத்தவன் வாரி இறைக்கும் செல்வமாகிவிட்டது. காசு அதே காசு. அதை வைத்திருப்பவனைப் பற்றிய நம் எண்ணம் மாறியதால் அதன் பொருளும் மாறியது.

இதுவரை பொருளை மாற்றியவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்கள். படத்தையே மாற்றியவர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில் பிறந்து, மான்செஸ்டரிலும் ஜமைக்காவிலும் வளர்ந்து, நியூயார்க்கின் பிராட் நிறுவனத்தில் ஓவியம் படித்து, லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு பழகியவர். பொன் விடியல் சங்கத்தில் அவரோடு உறுப்பினராக இருந்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் திட்டப்படி 1909இல் அவர் வரைந்த கட்டை, லண்டனின் ரைடர் நிறுவனம் அவ்வாண்டு இறுதியில் வெளியிட்டது. அவருடைய தொங்குபவனை மார்சேச் சீட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளை தறித்த இரண்டு அடிமரங்கள் போய், ‘டி’ வடிவில் ஒரே மரம் நிற்கிறது. அதன் குறுக்குக் கட்டையில் இலைகள் துளிர்த்திருக்கின்றன. தூக்குமரம் உயிர் பெற்றுவிட்டது. நீல மேலங்கி, சிவப்புக் காலுறை, மஞ்சள் காலணி. பின்னால் எந்த ஊரும் நிலமும் இல்லாத வெளிறிய சாம்பல் வெளி. பார்ப்பவன் கண் போக வேறு வழியில்லை. கட்டிய காலும் மடங்கிய காலும் தெளிவான சிலுவையாகின்றன. பின்னால் மடக்கிய முழங்கைகள் முக்கோணமாகின்றன. எல்லாக் கோடுகளும் கீழே இறங்கித் தலையில் வந்து கூடுகின்றன. அங்கே மஞ்சள் ஒளிவட்டம். பொதுவாக ஓவியத்தில் மேலே இருக்க வேண்டிய வெளிச்சம் சீட்டின் அடிப்பாகத்தில் எரிகிறது. அதனால் சீட்டு தலைகீழாக அச்சாகிவிட்டதோ என்று கண் ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே படத்தின் பொருள். ‘கோணத்தை மாற்றிப் பார்’ என்ற அறிவுரையை வாய் சொல்வதற்கு முன் கண்ணுக்குச் செய்துகாட்டிவிடுகிறது படம்.

இதெல்லாம் வெய்ட்டின் கருத்து, ஸ்மித் கூலிக்கு வரைந்தவர்தானே என்பது அடுத்த மறுப்பு. இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1938இல் வெளியான தம் வாழ்க்கை நினைவுகளில் வெய்ட், பெண் குரு, பேதை, தொங்குபவன் ஆகிய மூன்று சீட்டுகளுக்கும் ஸ்மித்துக்குத் தாமே ஊட்டிவிட வேண்டியிருந்தது என்ற பொருளில் எழுதினார். 1910இல் அவர் வெளியிட்ட விளக்க நூலும் உயிருள்ள மரம், சிலுவை வடிவம், ஒளிவட்டம் ஆகியவற்றை எடுத்துச் சொல்கிறது. முகத்தில் இருப்பது வேதனை அன்று, ஆழ்ந்த லயிப்பு என்கிறது. ஆகவே கருத்து வெய்ட்டுடையது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கருத்து ஒரு பட்டியல், பட்டியல் படமாவதில்லை. லயிப்பு என்று ஒருவர் சொல்லிவிடலாம். தலைகீழ் முகத்தில் நாலைந்து மைக்கோடுகளால் லயிப்பைக் கொண்டுவருவது வேறு வேலை. ஒளிவட்டத்தை எவ்வளவு பெரிதாக்குவது, பின்னணியை எவ்வளவு வெறுமையாக விடுவது, மரத்தில் எத்தனை இலை போதும் என்ற முடிவுகள் நாடக மேடைக் காட்சிகளில் பழகிய கையிலிருந்து வந்தவை. மறைஞானிகள் 130 ஆண்டுகளாக எழுத்தில் சொல்லியும், மார்சேச் சீட்டைப் பார்த்த சாதாரண ஆள் தூக்கில் தொங்கியவனைத்தான் பார்த்தான். ஸ்மித்தின் சீட்டுக்குப் பிறகே, விளக்க நூல் எதையும் தொடாதவரும் அதில் ஓர் அமைதியைக் கண்டார்கள்.

பொருளெல்லாம் இடையில் வந்து ஒட்டியதென்றால், இந்தச் சீட்டுக்கு யாரும் எதையும் சொல்லிவிடலாமா? இது கடைசி மறுப்பு. டாரட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களும் ரசிப்பவர்களும் சேர்ந்தே எழுப்பக்கூடியது. சொல்லிவிடலாம்தான், சொல்லியும் இருக்கிறார்கள். டி. எஸ். எலியட் 1922இல் ‘பாழ்நிலம்’ கவிதையில் தொங்கும் மனிதனைக் கொண்டுவந்தார். டாரட் கட்டின் சரியான அமைப்பு தமக்குத் தெரியாது என்றும், மானிடவியலாளர் ஃபிரேசர் எழுதிய தூக்கிலிடப்பட்ட கடவுளோடு அவனைத் தம் வசதிக்கு இணைத்துக்கொண்டதாகவும் அவரே கவிதைக்கு எழுதிய குறிப்பில் ஒப்புக்கொண்டார். ஆனால் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. ஜெபலானின் விவேகம் நிலைக்கவில்லை. ஏனென்றால் அதை ஏற்க வேண்டுமானால் சீட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். தியாகம், காத்திருப்பு, புரட்டிப் பார்த்தல் ஆகியவை நிலைத்தன. அவற்றுக்கு உடலின் நிலை இடம் கொடுத்தது. கட்டுண்டவன் காத்துத்தான் ஆக வேண்டும். தலைகீழாய் இருப்பவனுக்கு உலகம் புரண்டுதான் தெரியும். உருவம் பொருளைத் தீர்மானிப்பதில்லை, எல்லை கட்டுகிறது. அந்த எல்லைக்குள் எந்தப் பொருள் ஆளும் என்பதைச் சுற்றியுள்ள கோடும் வண்ணமும் காலமும் தீர்மானிக்கின்றன. சுவரில் அவனைத் தொங்கவிட்ட ஃபிளாரன்ஸ் நகராட்சி, தண்டனை நிறைவேறக் காத்திருப்பவனைக் கண்டது. ஸ்மித், ஞானத்துக்குக் காத்திருப்பவனை வரைந்தார். இரண்டுக்கும் போதுமான உடல் அது.

இந்த வரலாறு டாரட்டில் வருங்காலம் தெரியுமா என்ற கேள்வியைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ‘தொன்றுதொட்டு இதுதான் பொருள்’ என்று ஒருவர் சொன்னால், அந்தத் தொன்மைக்குக் கணக்குக் கேட்க இது உதவும். இலை துளிர்த்த மரமும் ஒளிவட்டமும் அமைந்த இந்தத் தொங்குபவனுக்கு வயது நூற்றுச் சொச்சம். அவனை வரைந்தவர், பெரிய வேலையை மிகச் சொற்பப் பணத்துக்கு முடித்ததாக 1909 நவம்பரில் நியூயார்க்கின் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. 1951இல் கார்ன்வாலின் பியூட் ஊரில் கடனோடு இறந்தார். கட்டு பல பத்தாண்டுகள் பதிப்பாளரின் பெயரும் வெய்ட்டின் பெயரும் சேர்ந்து ‘ரைடர்-வெய்ட்’ என்றே விற்றது. ஸ்மித்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மையில் வந்தது. அடுத்த முறை இந்தச் சீட்டு கையில் கிடைத்தால், பலனைக் கேட்பதற்கு முன் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். பாம்புபோல் நெளிந்து பின்னிய மூன்று எழுத்துகள் அங்கே இருக்கும். அவை அவருடைய கையொப்பம்.